எட்டு வாரத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னால்: மாநில வீடு, நஷ்டஈடு, நடுவில் இருக்கும் மாதங்கள்

மூணாம் லயம் · 3 ஜூன் 2024, இரவு 9.40

மலேசியாவுல சிலாங்கூர் மாநிலம், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டம். நிலம் மேம்பாட்டாளர் கைக்குப் போயிருச்சு. வேலை நிறுத்துற கடிதத்துலயே எட்டு வாரத்துல லயத்து வீட்டையும் (தோட்டம் தொழிலாளருக்குத் தர்ற வரிசை வீடு) ஒப்படைக்கணும்னு ஒரு வரி. 22 வருஷம் 7 மாசம் சேவை, மாசம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம்னு வெச்சுக்குங்க. மலிவு வீட்டுக்கு மாநில அரசுதான் காசு ஒதுக்குதே, நேரா அங்க மனு போட்டா வேலை முடிஞ்சிடாதா? நஷ்டஈடு, லேபர் ஆபீஸ்னு எதுக்கு அலையணும்னு பாதிப் பேர் கேக்குறாங்க.

பழைய கிராணி · 3 ஜூன், இரவு 11.15

மனுவை இன்றே போடச் சொல்லுங்கள். ஆனால் எட்டு வாரத்தில் சாவி வராது. மாநில ஒதுக்கீடு கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. லயத்தை விட்டு இறங்கிய நாளுக்கும் சாவி வாங்கும் நாளுக்கும் நடுவில் உள்ள மாதங்களுக்கு அதில் ஒரு காசு கிடையாது. குடும்பம் தெருவுக்கு வருவது அந்த மாதங்களில்தான். அந்த இடைவெளியைக் கடத்தும் பணமே நஷ்டஈடும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்). அதனால்தான் அலையச் சொல்கிறோம்.

இப்போது மூன்று கெடு ஓடுகிறது:

நோட்டீஸ். ஐந்து வருடமும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கு 8 வாரம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 6 வாரம், இரண்டுக்குக் கீழே 4 வாரம். நோட்டீஸ் தராமல் நிறுத்தினால் அத்தனை வாரச் சம்பளம் தர வேண்டும்.

பணிநிறுத்த நஷ்டஈடு. வேலை முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.

சொக்சோவின் வேலைக் காப்புறுதி. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு. எல்லாரும் கோட்டை விடுவது இதைத்தான். "முதலில் நஷ்டஈடு வரட்டும்" என்று காத்திருப்பார்கள், 61ஆம் நாள் போய் நிற்பார்கள்.

பழைய கிராணி · 4 ஜூன், காலை 6.50

கணக்கு. 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி சேவை ஒரு வருடத்துக்கு: இரண்டு வருடத்துக்குக் கீழே 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். குறைந்தது 12 மாதத் தொடர் சேவை வேண்டும்.

ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தை 365 ஆல் வகுத்தது. 18,000 ÷ 365 = 49.32. அதை 20 ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 986.30. 22 வருடத்துக்கு 21,698.63. மிச்சமுள்ள 7 மாதத்தை விட்டுவிடாதீர்கள். அரைகுறை வருடமும் மாதக் கணக்கில் சேரும்: 575.34. மொத்தம் 22,273.97 வெள்ளி.

பிழை நடக்கும் இடம் சேவைக் காலம். தோட்டம் இரண்டு மூன்று முறை கம்பெனி பெயர் மாறியிருக்கும், கணக்குப் போடுகிறவர் கடைசிப் பெயரிலிருந்து ஆரம்பிப்பார், 22 வருடம் 9 ஆகிவிடும். சேமநிதியின் வருடாந்தர அறிக்கையில் எந்த ஆண்டு எந்த முதலாளி காசு கட்டினார் என்று வரிசையாக இருக்கும். கவுண்டரில் கேட்டு வாங்கி வையுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பால்மரம் · 4 ஜூன், காலை 7.30

நாப்பது வருஷம் பால் வெட்டுனவருக்கும் இதே கணக்கா? அப்ப பெரியவங்கதான் லாபம்.

பழைய கிராணி · 4 ஜூன், காலை 8.05

இல்லை. ஓய்வு வயதாகி நிறுத்தப்பட்டவருக்கு இந்த நஷ்டஈடு இல்லை. 60 தாண்டிய பிறகும் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவர் நிலை இன்னும் மோசம்: நஷ்டஈடும் இல்லை, வேலைக் காப்புறுதியும் இல்லை (அது 60 வயது வரைதான்), லயமும் போகும். ஒரு லயத்தில் முதலில் பார்க்க வேண்டிய வீடு இவருடையது. அவருக்குச் சமூக நல இலாகாவின் முதியோர் உதவித் தொகை மனுவை வேறு யாராவது கூடவே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி. நிலமோ கம்பெனியோ கைமாறும்போது, புது முதலாளி 7 நாளுக்குள் "பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தருகிறேன்" என்று சொல்லி, நீங்கள் நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் நஷ்டஈடு கிடையாது. வாய்ப்பேச்சாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எந்த வேலை, எந்த இடம், என்ன சம்பளம், வீடு உண்டா என்று நான்கு வரியும் அதில் இருக்க வேண்டும்.

வீடமைப்பு மேசை · 4 ஜூன், மதியம் 1.20

கிராணி ஐயா, காப்புறுதித் தொகையைச் சொல்லாம விட்டுட்டீங்க. முதல் மாசம் 80 விழுக்காடு, ரெண்டாவது 50, மூணும் நாலும் 40, அஞ்சும் ஆறும் 30. 1,500க்கு 1,200, 750, 600, 600, 450, 450. கூட்டினா 4,050.

பழைய கிராணி · 4 ஜூன், மாலை 5.45

விகிதம் சரி, தொகை கொஞ்சம் குறையும். சொக்சோ 1,400க்கு மேல் 1,500 வரையுள்ள சம்பளத்தை 1,450 என்றே எடுத்துக்கொள்ளும். ஆக 1,160, 725, 580, 580, 435, 435. மொத்தம் 3,915. அதுவும் ஆறு மாதமும் கிடைப்பது சந்தா எத்தனை மாதம் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. மூன்று மாதத்திலேயே முடிகிறவர்களும் உண்டு. வேலை தேடியதற்கு மாதாமாதம் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த தவணை நிற்கும்.

மூணாம் லயம் · 6 ஜூன், இரவு 10.10

சரி, காசு விளங்கிருச்சு. எட்டு வாரம் முடிஞ்ச மறுநாள் பூட்டு உடைப்பாங்களா? "முப்பது வருஷம் குடியிருந்தா நிலமே நமக்கு"ன்னு ஒரு பெரியவர் சொல்றார்.

பழைய கிராணி · 6 ஜூன், இரவு 11.30

பெரியவர் சொல்வது இந்த நாட்டில் செல்லாது. தேசிய நிலச் சட்டம் 1965இன்படி எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் பட்டா வராது, அரசு நிலத்திலும் சரி, தனியார் நிலத்திலும் சரி. 446ஆம் சட்டம் (தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரம், 1990) வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தண்ணீர், பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. வேலை போன பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்ற உரிமையை அது தரவில்லை.

கம்பெனிக் கடிதம் நீதிமன்ற ஆணை அல்ல. நில உரிமையாளர் வழக்கமாகப் போகும் வழி நீதிமன்ற விதிகள் 2012, 89ஆம் ஆணை. குடியிருப்பவர் பெயர் தெரியாமலேயே அதில் வழக்குப் போடலாம். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். கோபத்தில் கிழித்துப் போடுகிறார்கள், அதில்தான் விசாரணைத் தேதி இருக்கும். ஒட்டிய அன்றே படம் எடுத்து, சட்ட உதவி இலாகாவுக்குக் கொண்டு போங்கள். தேதி மிக நெருக்கமாக இருக்கும். போகாவிட்டால் உங்கள் பக்கம் கேட்காமலேயே தீர்ப்பு. போனால், நஷ்டஈடு வரவில்லை, மாற்று வீடு பற்றிப் பேச்சு நடக்கிறது என்று சொல்லி அவகாசமாவது கேட்கலாம்.

பால்மரம் · 7 ஜூன், காலை 9.00

லயத்துப் பசு மாடுகளுக்கும் 89ஆம் ஆணை ஒட்டுவாங்களா?

வீடமைப்பு மேசை · 7 ஜூன், காலை 9.25

சிரிப்பா இருந்தாலும் விஷயம் அதுதான். அடுக்குமாடியில மாட்டை லிஃப்டுல ஏத்த முடியாது. பால் வித்து வர்ற காசு மாச வருமானத்துல சேர்ந்திருந்தா, மாறின முதல் மாசமே அது போயிரும். வாடகை கட்டுற சக்தியைக் கணக்குப் பார்க்கும்போது மாடு, கோழி, வீட்டுப் பின்னாடி மரவள்ளி, எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பாருங்க.

வீடமைப்பு மேசை · 8 ஜூன், இரவு 8.50

வீட்டுக்கு வர்றேன். மூணு கதவு, மூணுக்கும் வேற வேற ஆள்.

பி.பி.ஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்): மத்திய அரசோடது. பழைய அடுக்குமாடிகள்ல 700 சதுர அடி, மூணு அறை. அதுக்கு வாடகை 124 வெள்ளி, விலைக்குத் தீபகற்பத்துல 35,000னு இருந்துச்சு. இப்ப புதுசா கட்டுறதுக்குப் பேரை ரெசிடென்சி ராக்யாட்னு மாத்திட்டாங்க. 124 வெள்ளியைப் பார்த்து மயங்காதீங்க. தண்ணி, கரண்டு, வேலைக்குப் போற பெட்ரோல், இது மூணும் தோட்டத்துல கையை விட்டுப் போகாத காசு.

ரூமா சிலாங்கூர்கூ: மாநிலத்தோடது. பதிவு எல்.பி.எச்.எஸ்.ல (மாநில வீடமைப்பு வாரியம்), கட்டுறது தனியார் மேம்பாட்டாளர். வாங்கத்தான், வாடகைக்கு இல்ல.

ஸ்மார்ட் சேவா: இதுவும் மாநிலம். முதல்ல வாடகை, பிறகு வாங்கினா கட்டின வாடகையில 30 விழுக்காடு திரும்பி வரும். வங்கி இன்னிக்குக் கடன் தராத குடும்பத்துக்கு இதைத்தான் முதல்ல கேக்கணும்.

பழைய கிராணி · 8 ஜூன், இரவு 10.40

இதோடு ஒன்று. ரூமா சிலாங்கூர்கூ "கிடைத்துவிட்டது" என்று வரும் கடிதம் பெரும்பாலும் இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்கு. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் கெடு. அதுவரை வங்கி கட்டம் கட்டமாகப் பணம் விடும், விட்ட தொகைக்கு நீங்கள் வட்டி கட்ட வேண்டும். ஒரு லட்சம் கடனில் பாதி விட்டிருந்தால், 4 விழுக்காட்டில் மாதம் 167 வெள்ளி. இன்னொரு பக்கம் வாடகை. நஷ்டஈட்டை முழுவதும் முன்பணமாகக் கட்டிவிட்ட குடும்பம் இரண்டாம் வருடத்தில் இங்கேதான் மூச்சுத் திணறும்.

கெடு தாண்டினால் வருடத்துக்கு 10 விழுக்காடு தாமத ஈடு. ஒரு லட்சம் வெள்ளி வீட்டுக்கு நாளுக்கு 27.40. மேம்பாட்டாளர் தரவில்லையென்றால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, கட்டணம் 10 வெள்ளி.

மூணாம் லயம் · 11 ஜூன், இரவு 9.15

மனுவோட போனதுல பாதி திரும்பி வந்துருச்சு. "கணவன் மனைவி ஆதாரம் இல்லை", "பெயர் ஒத்துப் போகலை".

பழைய கிராணி · 11 ஜூன், இரவு 10.30

எதிர்பார்த்ததுதான். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போனாலும், பதிவிலாகாவுக்குப் போகாவிட்டால் ஏட்டில் இருவரும் தனி ஆள்தான். அந்தத் தேதிக்கு முன் மரபுப்படி நடந்தது பதிவானதாகவே கொள்ளப்படும். இப்போது பதிவு செய்யலாம், ஆனால் வாரக் கணக்கில் பிடிக்கும். வீட்டு மனுவுக்குக் காத்திருக்காமல் அதை முதலில் தொடங்குங்கள். கணவர் இறந்துபோனால் சேமநிதி, நஷ்டஈடு, வீடு எல்லாவற்றிலும் இந்த ஒரு தாள் குறுக்கே நிற்கும்.

பெயர்: பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சேமநிதியில் தகப்பன் பெயர் முன்னே. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட தாள் ஒன்று இணைத்தால் பெரும்பாலான கவுண்டரில் ஓடும். சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை) இருந்தால் ஓடாது. வீட்டு மனு குடியுரிமை உள்ளவர் பெயரில் போக வேண்டும். குடும்பத்தில் நீல அட்டைக்காரர் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

பால்மரம் · 12 ஜூன், மதியம் 12.40

எங்க பக்கம் நாலு குடும்பம் பேசாம ரோட்டோர அரசு நிலத்துல பலகை வீடு போட்டுட்டாங்க. எல்.பி.எஸ். (தற்காலிகக் குடியிருப்பு உரிமம்) வாங்கிட்டா போதுமாம்.

பழைய கிராணி · 12 ஜூன், மாலை 6.20

அந்தத் தற்காலிக உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் முடியும். மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமக்காரர் இறந்தால் உரிமமும் இறக்கும், பிள்ளைக்கு வராது. கொடுக்கும் முன் கட்டிவிட்டால் அது சட்டவிரோத ஆக்கிரமிப்பு, தண்டனைக் குற்றம். லயத்தில் இருந்த பாதுகாப்பில் கால்வாசி கூட அங்கே இல்லை.

வீடமைப்பு மேசை · 15 ஜூன், இரவு 9.05

கடன். தோட்டத் தொழிலாளருக்குன்னே 2011 பட்ஜெட்ல 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கி, பி.எஸ்.என். (அரசு சேமிப்பு வங்கி) வழியா 60,000 வரை, 4 விழுக்காடு, 40 வருஷம், அடுத்த தலைமுறை வரை கட்டலாம்னு அறிவிச்சாங்க. அந்த மாதிரிக் கடன் யாராவது நீட்டினா இந்தக் கணக்கைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. 60,000க்கு 40 வருஷம்னா மாசம் 251, மொத்தம் 1,20,000க்கு மேல. 25 வருஷம்னா மாசம் 317, மொத்தம் 95,000. மாசம் 66 வெள்ளி வித்தியாசத்துக்கு 25,000 வெள்ளி வட்டி.

பால்மரம் · 15 ஜூன், இரவு 9.20

தாத்தா வாங்கின வீட்டுக்குப் பேரன் தவணை. சீர்வரிசையில கடன் புத்தகத்தையும் வெச்சுக் கொடுக்கலாம்.

வீடமைப்பு மேசை · 15 ஜூன், இரவு 9.50

நெசம். ஆனா மாசம் 251தான் கட்ட முடியுற குடும்பத்துக்கு 317 எட்டாது. அவங்களுக்கு நீண்ட கடனே கதி. முதல்ல எடுத்துட்டு, பையன் வேலைக்குப் போனதும் கூடுதலாக் கட்டி முடிச்சிரலாம். முன்கூட்டிக் கட்டினா அபராதம் உண்டான்னு ஒப்பந்தத்துல பாருங்க.

சம்பளச் சீட்டு இல்லாத கான்ட்ராக்ட் ஆளுக்கு எஸ்.ஜே.கே.பி. உத்தரவாதம் இருக்கு. நிலையான வருமானம் இல்லாதவருக்கு அரசு வங்கிக்கு ஜாமீன் நிக்கிற ஏற்பாடு. ஆனாலும் வங்கி சி.சி.ரிஸ் (மத்திய வங்கியோட கடன் பதிவேடு) பார்க்கும். அதுல கடைசி 12 மாசத் தவணை தெரியும். லயத்துல வீட்டுக் கடன் போறது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்ல. அண்ணன் மகனுக்கு ஜாமீன் போட்டு அவன் மூணு தவணை விட்டிருப்பான். தீர்த்துட்டு, சில மாசம் சுத்தமாக் காட்டிட்டு மனு போடுங்க. மறுத்த பிறகு ஓடுறதுல பிரயோஜனம் இல்ல.

பழைய கிராணி · 19 ஜூன், இரவு 11.00

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். மாநிலக் காசு கல்லுக்கும் சிமெண்டுக்கும் மட்டும் என்று சொன்னதில் பாதிதான் உண்மை. மாநிலத்தின் கையில் காசை விடப் பெரிய பிடி ஒன்று இருக்கிறது: நிலம். கூட்டரசு அரசியலமைப்பில் நிலம் மாநிலப் பட்டியலில், வீடமைப்பு பொதுப் பட்டியலில். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற தோட்ட நில வாரிய ஒப்புதல் வேண்டும். அது நமக்குத் தெரியும் முன்பே முடிந்துவிடும். ஆனால் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில ஒப்புதல், அதன் பிறகு திட்ட அனுமதி (கெபெனாரான் மெரஞ்சாங்) என்று இன்னும் இரண்டு வாசல் இருக்கிறது. தொழிலாளருக்கு இத்தனை தரை வீடு, இந்த இடத்தில், லயத்தை உடைக்கும் முன் கட்டித் தர வேண்டும் என்று அங்கே நிபந்தனை எழுதினால் மாநிலம் ஒரு வெள்ளி செலவழிக்காமலே வீடு வரும். ஆலய மண்டபத்துக் கூட்டத்தில் மைக்கில் சொன்னது நிபந்தனை ஆகாது.

பக்கத்து நில உரிமையாளருக்கு ஆட்சேபம் சொல்ல 21 நாள் நோட்டீஸ் போகும் சூழ்நிலையிலும் லயத்துக்காரருக்கு வராது, அவர் உரிமையாளர் இல்லை. அதனால் அழைப்புக்குக் காத்திருக்காமல் நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட நில அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் குடும்பப் பட்டியலோடு ஒரே கடிதம். மூன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

வீடமைப்பு மேசை · 20 ஜூன், காலை 7.15

இந்த ஊர்லயே உதாரணம் இருக்கு. அஞ்சு தோட்டத்து 245 குடும்பத்துக்கு ஹார்மோனி மடானி வீடமைப்புத் திட்டம். நிலம் 20 ஏக்கர். வகுத்துப் பாத்தா சாலை, சாக்கடை, திடல் எல்லாம் சேர்த்து வீட்டுக்குச் சுமார் 3,550 சதுர அடி நிலம், மாடித் தரை வீட்டுக்குத் தாராளமா போதும். நிலம் ஒரு கை, கட்டுற காசு இன்னொரு கை. ஆனா அங்க வருஷக் கணக்கா இழுத்துச்சு. அதனாலதான் குடும்பப் பட்டியல் கடைசி வரைக்கும் கையில இருக்கணும்.

பால்மரம் · 20 ஜூன், இரவு 8.30

1960ல அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டா விக்கிறதுக்கு எதிரா கூட்டுறவுச் சங்கம் வெச்சு, மாசம் பத்து வெள்ளியா நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்குனாங்க.

பழைய கிராணி · 20 ஜூன், இரவு 9.10

அன்று தோட்டத்தை வாங்கினார்கள், வேலை காப்பாற்றப்பட்டது. வீட்டு மனை அப்போதும் தொழிலாளி பெயருக்கு வரவில்லை. அது வேறு பெரிய பேச்சு, தனி இழை திறவுங்கள்.

மூணாம் லயம் · 2 ஜூலை, இரவு 10.00

நாலு வாரம் இருக்கு. டவுன்ல வாடகை வீடு 600 சொல்றாங்க.

பழைய கிராணி · 2 ஜூலை, இரவு 10.50

600 வாடகை என்றால் நுழைய 600 போதாது. இரண்டு மாத டெப்போசிட் 1,200, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் 300, முதல் மாதம் 600. ஆக 2,100, சாமான் ஏற்ற லாரி தனி. நஷ்டஈடு வர வேலை முடிந்து 7 நாள் வரை ஆகும், வீடு எட்டாம் வாரக் கடைசியில் போகும், டெப்போசிட் அதற்கு முன் கட்ட வேண்டும். வட்டிக்காரன் வரும் வாரம் இதுதான். நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்: நஷ்டஈடு வங்கியில் ஏறி 30 நாள் கழித்தே வீடு ஒப்படைப்பு. பல நிர்வாகம் ஒத்துக்கொள்ளும், வழக்கை விட அது மலிவு.

சேமநிதியைத் தொட்டால்: 2024 மே 11 முதல் மூன்று கணக்கு. வீடு வாங்க செஜாத்ராவிலிருந்து, வாடகை டெப்போசிட் போன்ற அவசரத்துக்கு ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து. ஓய்வுக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

வீடமைப்பு மேசை · 3 ஜூலை, காலை 6.40

சொந்தக்காரங்க வீட்டுல ஒண்டிக்குறவங்களும் பட்டியல்ல இருக்கணும். அஞ்சடியில (கடை முன்னாடி நடைபாதை) படுத்தவரை மட்டும்தான் வீடற்றவர்னு எண்ணுவாங்க. 1977 ஆதரவற்றோர் சட்டம் அவரைப் பிடிச்சு மெர்சிங் மாதிரி இல்லத்துக்கு அனுப்பும், வீடு தராது. ஒரு அறையில மூணு குடும்பம் இருந்தா எந்தக் கணக்குலயும் வராது. எல்.பி.எச்.எஸ். மனுவுல இப்போதைய முகவரிங்கிற இடத்துல "தற்காலிகம், உறவினர் வீடு, இத்தனை பேர்"னு எழுதுங்க.

மூணாம் லயம் · 25 ஜூலை, இரவு 9.30

முப்பது நாளுக்கு ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு ஆபீசுல கையெழுத்து. மலாயில ஒரு தாள், படிக்க நேரம் தர மாட்டேங்குறாங்க.

பழைய கிராணி · 25 ஜூலை, இரவு 9.50

"பெஞெலெசாயான் பெனு டான் முக்தமாட்" (penyelesaian penuh dan muktamad) என்ற நான்கு சொல்லைத் தேடுங்கள். முழுமையான இறுதித் தீர்வு என்று அர்த்தம். தொகையில் குறை இருந்தால் பிறகு லேபர் ஆபீசில் கேட்கும்போது எதிராளி முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் "பணம் பெற்றதற்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். எழுத விடவில்லையென்றால் கையெழுத்துப் போடாமல் படம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். நஷ்டஈடு கேட்க லேபர் ஆபீசில் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சேமநிதி அறிக்கை, கடைசி 12 சம்பளச் சீட்டு, நோட்டீஸ் கடிதம், மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். வீட்டுச் சாவியை அந்த மேசையில் கொடுக்காதீர்கள். அது முப்பதாம் நாள், ரசீதுக்கு எதிராக.

மூணாம் லயம் · 26 ஜூலை, மாலை 4.15

எழுத விட்டாங்க. 22 வருஷம்தான் போட்டிருக்கு, 7 மாசம் இல்ல.

பழைய கிராணி · 26 ஜூலை, மாலை 4.40

575.34. திங்கட்கிழமை லேபர் ஆபீசுக்கு.